மாதாவுக்கு வைத்த நீலப் பூ

அஜக்ஸ் நகரில் அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து நீக்கிலாப்பிள்ளை ஒரே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் நிற்கிற செடிகளையெல்லாம் கிளப்பி எறிந்துவிட்டுக் கல் பதித்தால் இன்னொரு கார் விடலாம். அந்தத் தெருவில் இருந்த மற்றத் தமிழாட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். முன்னுக்குக் கல், பின்னுக்கு மிளகாயும் கத்தரியும். அவர் மனைவி அன்ரனெற் மட்டும் மசியவில்லை. அந்த முன்தோட்டத்தைக் கண்டுதானே அவள் அந்த வீட்டுக்கே தலையாட்டினாள்! சமையலறை ஒடுக்கம், நிலவறை ஈரம், இதெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை.

வீட்டை விற்றவள் மிஸிஸ் ஹார்ப்பர் என்கிற ஆங்கிலேய மனுசி. தன் தாய்நாட்டுக் கிராமத்து வீடுகளின் முன்னால் இருப்பதுபோல, பாத்தி வரிசை என்று ஒன்றும் பாராமல், செடிகளை ஒன்றையொன்று முண்டியடித்து வளரவிட்டிருந்தாள். கொட்டேஜ் கார்டன் என்று அதற்குப் பெயராம். சாவி கைமாறிய அன்று அன்ரனெற்றின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகக் காட்டி வந்தவள், வேலியோரம் ஆளுயரத்துக்கு நின்ற ஒன்றுக்கு முன்னால் வந்ததும் கையை விட்டுவிட்டாள். மங்ஸ்ஹுட் என்று பெயர் சொன்னாள். வேர், இலை, பூ, எல்லாமே நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, சின்னப்பிள்ளைகள் வந்தால் அந்தப் பக்கம் விடக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். அன்ரனெற்றும் இரண்டு தரம் தலையாட்டினாள்.

ஆனால் அது பூத்ததைப் பார்த்த பிறகு பிடுங்க யாருக்கு மனம் வரும்? செப்ரெம்பர் பிறந்து மற்றச் செடியெல்லாம் களைத்துக் கருகி நிற்கிற நேரத்தில், இது ஒன்று மட்டும் இனித்தான் என்னுடைய காலம் என்று நிமிர்ந்து, கீழிருந்து மேலாகக் கொத்துக் கொத்தாக மலர்ந்தது. ஒவ்வொரு பூவும் முக்காடு போட்ட முகம்போல இருந்தது. அந்த நீலமோ, கடையில் சாயம் ஏற்றி விற்கிற நீலமல்ல. மாதாவின் மேலங்கியில் இருக்கிற நீலம். அன்ரனெற் முதல் முறை பார்த்தபோது தன்னையறியாமல் சிலுவை அடையாளம் போட்டாள்.

மகள் நிரோஷினி ஒஷாவாவில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். செடியைப் போனில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் குதித்தாள்.

"அம்மா, திஸ் இஸ் நொட் அ ஜோக். இது ஹார்ட்டையே நிப்பாட்டும். பிளீஸ், புடுங்கி எறியுங்கோ."

"நான் என்ன, உதைக் கறி வைச்சுத் தின்னவே போறன்? அது தன்ர பாட்டுக்கு நிக்குது. உனக்கேன் கோவம்?"

அதோடு அந்தக் கதை முடிந்தது. அன்ரனெற் முழங்கை வரைக்கும் வருகிற கையுறை ஒன்று வாங்கினாள். ஐந்து வருசமாக அந்தச் செடியை ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருந்ததுதான் பிறகு வினையாய் வந்தது.

ஸ்காபரோவில் அவர்கள் போகிற கோயிலில் செப்ரெம்பரில் ஆரோக்கிய மாதா திருநாள் வரும். வெள்ளைக்காரச் சனத்தின் கோயில்தான், ஞாயிறு மத்தியானம் தமிழ்ப் பூசைக்குத் தருவார்கள். அந்தத் திருநாளுக்கு மாதா சுரூபத்தைக் கூட்டில் வைத்து, கூடு முழுக்கப் பூவால் சோடித்து, வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றித் தோளில் கொண்டுவருவது வழக்கம். அந்தக் கூட்டைச் சோடிக்கிற வேலை எத்தனையோ வருசமாகக் கிளடிஸ் அக்காவின் ஆட்சியில் இருந்தது. மன்னார்ப் பக்கத்து மனுசி, அன்ரனெற்றைவிடப் பத்து வயது மூப்பு, கையும் வாயும் ஒன்றாக ஓடும். ஒரு தரம் அன்ரனெற் தன் தோட்டத்து நீலப் பூவைப் பற்றி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "வீட்டுப் பூவெல்லாம் சுற்றுப்பிரகாரம் முடியமுந்தி வாடி விழுந்திடும், பிள்ளை. கடை ரோசாதான் சரி" என்று கிளடிஸ் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அன்ரனெற்றுக்கு அது உள்ளுக்குள் சுட்டது. சுட்டதை வெளியில் காட்டவில்லை.

இந்த வருசம் கிளடிஸின் கணவர் அகஸ்ரினுக்கு ஈரலில் புற்றுநோய். மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நோகாமல் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கிளடிஸ் போன் எடுத்தாள்.

"அன்ரனெற், இந்தமுறை கூட்டை நீர்தான் பாரும். நான் இந்த மனுசனை விட்டிட்டு எங்கை வர?"

அன்ரனெற் அழுதாள். மெய்யாகத்தான் அழுதாள், அகஸ்ரின் அண்ணையில் அவளுக்கு நல்ல பட்சம். ஆனால் போனை வைத்த கையோடு வாசலுக்குப் போய் வேலியோரம் எத்தனை தண்டு வெட்டலாம் என்று பார்த்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மனுச மனம் அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய?

நஞ்சு என்பது அவளுக்கு மறந்துபோகவில்லை. யோசித்துப் பார்த்தாள். கூடு உயரத்தில் இருக்கும். நானே கையுறை போட்டு வைப்பேன். திருநாள் முடியச் சனம் ஆளுக்கொரு பூவைப் பிடுங்கும்தான், பிடுங்கினால் என்ன? கண்ணில் ஒற்றிச் செபப்புத்தகத்துக்குள் வைக்கும். அவள் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கோயிலில் அவ்வளவுதான் வழக்கம். கண்ணில் ஒற்றுகிற ஒரு கணத்தில் என்ன வந்துவிடப் போகிறது? இப்படித் தனக்குத்தானே வழக்குப் பேசி, தானே தீர்ப்பும் சொல்லி, சனிக்கிழமை காலை செடியை அடியோடு வெட்டி வாளி வாளியாகக் கோயிலுக்குக் கொண்டுபோனாள்.

கோயில் நிலவறையில் சோடிப்புக்கு உதவ வந்தவர்களில் ஜெசிகா என்கிற இருபது வயதுப் பிள்ளையும் இருந்தாள். அன்ரனெற் மேலே ஏறி நின்று கம்பி கட்டிக்கொண்டிருந்த நேரம் அவள் வெறுங்கையால் தண்டுகளைத் துண்டு துண்டாக நறுக்கி நீட்டியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் விரல்களை உதறினாள்.

"அன்ரி, என்ர ஃபிங்கர்ஸ் எல்லாம் ஒரு மாதிரி விறைக்குது. நம்ப் ஆ இருக்கு."

 அன்ரனெற் ஏணியிலிருந்து இறங்கி அவளை இழுத்துக்கொண்டு போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டாள்.

"சிலபேருக்கு உந்தப் பூவின்ர சாறு ஒத்துவராது, பிள்ளை. நீ ரோசாவைப் பார். இதை நான் பார்க்கிறன்."

ஒத்துவராது! அந்தச் சொல் எவ்வளவு வசதியாக வாயில் வந்து விழுந்தது. அப்போதே எல்லாவற்றையும் பிடுங்கிப் பையில் கட்டியிருக்க வேண்டும். ஆனால் கூடு பாதி முடிந்திருந்தது. வெள்ளை ரோசாவுக்கு மேலே நீலத் தண்டுகள் எழும்பி நின்றன. அங்கே நின்ற ஒவ்வொருவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், அது பிழையென்று. அன்ரனெற் மறுபடி ஏணியில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்பிரகாரம் புறப்பட்டபோது வெயில் எறித்தது. பாதர் கூட்டுக்கு மந்திரித்த தண்ணீர் தெளித்தார். நீலப் பூக்கள் மாதாவின் தோளை உரசிக்கொண்டு அசைந்தன. சனம் போனைத் தூக்கிப் படம் எடுத்தது. பிறம்ரனிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கே வாங்கியது என்று விசாரித்தது. "வாங்கேல்லை, என்ர தோட்டத்துப் பூ" என்றாள் அன்ரனெற். இந்த ஒரு வசனத்தைச் சொல்ல அவள் எத்தனை வருசம் காத்திருந்தாள்! பாதர்கூட ஒலிவாங்கியில் அவள் பெயரைச் சொன்னார். நீக்கிலாப்பிள்ளை பக்கத்தில் நின்று, ஏதோ தான்தான் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கூடு திரும்பி வந்து இறக்கி வைத்ததும் சனம் பாய்ந்தது. ஆளுக்கொரு பூ. அதற்குள் இடித்துக்கொண்டு வந்தாள் கிளடிஸ். அகஸ்ரினை அவர் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது, ஆள் பாதியாக மெலிந்துபோயிருந்தாள். மாதாவின் தோளோடு நின்ற நீலத் தண்டு ஒன்றை முழுதாக முறித்துக் கைலேஞ்சியில் சுற்றினாள். அன்ரனெற்றைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"உம்மட பூவாம். நான் அண்டைக்கு வேண்டாமெண்டு சொன்னன், பாரும். மாதா உம்மட கையாலதான் எனக்குத் தரோணுமெண்டு வைச்சிருந்திருக்கிறா. என்ர மனுசனுக்கு இதுதான் இனி மருந்து."

அன்ரனெற் வாயைத் திறந்தாள். சுற்றிவரச் சனம். பாதர் நாலடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தலையணைக்குக் கீழே வைப்பாள், வேறென்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"கையைக் கழுவுங்கோ அக்கா, அதின்ர சாறு கொஞ்சம் கடிக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

"மாதாவின்ர பூ கடிச்சாலும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளடிஸ் போய்விட்டாள்.

அஜக்ஸுக்குத் திரும்பி வந்து, திருநாள் சாப்பாட்டில் மிஞ்சிய ஆட்டிறைச்சிக் கறியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே நீக்கிலாப்பிள்ளை பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"பாவம் கிளடிஸ். அந்தப் பூத் தண்ணியில எவ்வளவு நம்பிக்கை வைச்சிருக்கிறா பாரும்."

"எந்தப் பூத் தண்ணி?"

"உமக்குத் தெரியாதே? அவையின்ர வீட்டில அப்பிடித்தானாம். மாதாவில வைச்ச பூவைத் தண்ணியில ஊறப்போட்டு, அதுக்கு முன்னால இருந்து மூண்டு செபமாலை சொல்லி, முடிய வருத்தக்காரருக்குக் குடுக்கிறது. அவவின்ர அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் மாறினதே அதாலதானாம். காரடியில நிண்டு எனக்குச் சொன்னவ."

அன்ரனெற்றின் கையிலிருந்த தட்டு நிலத்தில் விழுந்து உடைந்தது. அதைப் பொறுக்கக்கூட அவள் குனியவில்லை.

"கார்த் திறப்பை எடுங்கோ. எடுங்கோ எண்டுறன்! என்ர மாதாவே, அந்த மனுசனைக் கொல்லப்போறன்."

நீக்கிலாப்பிள்ளை கார் ஓட்டுவது என்பது ஒரு தவம். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வலப்பக்க ஓடுபாதையை விட்டு அசையமாட்டார். அன்று பிக்கரிங் தாண்டியதும் வீதி வேலை வேறு. அன்ரனெற் கிளடிஸுக்குத் திருப்பித் திருப்பி அடித்தாள். போன் மணி அடிக்காமலே குரல்பெட்டிக்குப் போனது. செபமாலைக்குக் குந்தினால் கிளடிஸ் போனை நிறுத்திவிடுவாள், அது ஊரறிந்த விசயம். தம்பிக்காரனின் இலக்கம் இவர்கள் ஒருவரிடமும் இல்லை. பிறகு நிரோஷினிக்கு அடித்தாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? கோயில்லயா வைச்சீங்கள்?" மகளின் குரல் உடைந்தது. "குடிச்சிருந்தா உடன நைன் வன் வன் அடிச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. டோன்ட் வெயிட். இப்ப எத்தினை பேரிட்டை அந்தப் பூ இருக்கு?"

"தெரியாது."

"வட்ஸ்அப் குறூப் இருக்கெல்லே? அதில போடுங்கோ. ரைட் நவ்."

அன்ரனெற் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். குறூப்பில் முந்நூறு குடும்பம் இருந்தது. இன்னும் அதற்குள் அவள் சோடித்த கூட்டின் படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. கும்பிடு போட்ட கைகள், நீல இதயங்கள்.

"போடுமன்" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"முதல் கிளடிஸக்காவைப் பாப்பம். மற்ற ஆக்கள் ஒருத்தரும் குடிக்கமாட்டினம்."

"அது உமக்கெப்பிடித் தெரியும்? கிளடிஸ் குடுப்பா எண்டும் உமக்குத் தெரியாதுதானே."

நாற்பது வருசக் குடித்தனத்தில் அவளை இப்படி ஒரு பார்வை அவர் பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்படியிருந்தும் போனைத் திருப்பவில்லை.

மார்க்கம் றோட்டில் கிளடிஸின் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தால், அங்கே இன்னொரு கோதாரி. வாசலில் இருக்கிற இலக்கத்தை அமத்தினால் அது வீட்டுக்காரரின் போனுக்குத்தான் போகும். போனோ நிறுத்தி வைத்திருக்கிறது! அன்ரனெற் அமத்தினாள், திரும்பவும் அமத்தினாள். கண்ணாடிக் கதவில் தட்டினாள். உள்ளே இருக்கையில் இருந்த ஒரு சீனக் கிழவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருநாள் சேலையும் வைரத் தோடுமாக ஒரு மனுசி கதவில் தலையை முட்டிக்கொண்டு நின்றால் யார்தான் திறப்பார்கள்? கடைசியில் நாயோடு ஒரு பெடியன் வெளியில் வர, அவனை இடித்துத் தள்ளாத குறையாக உள்ளே புகுந்தாள். மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போனது. சேசுவே, சேசுவே என்பதைத் தவிர அவளுக்குச் செபம் ஒன்றும் வாயில் வரவில்லை.

கதவைத் திறந்த கிளடிஸின் கையில் செபமாலை தொங்கியது.

"என்னப்பா உப்பிடி ஓடி வாறீர்? மூண்டாவது செபமாலையில கடைசித் தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருக்கிறன். வாரும், முழந்தாளிலை இரும்."

"குடுத்தாச்சோ?"

"என்னத்தை?"

"தண்ணி, அக்கா! அந்தத் தண்ணியைக் குடுத்தாச்சோ?"

"செபமாலை முடியாமல் எப்பிடிக் குடுக்கிறது?"

அன்ரனெற் செருப்போடு உள்ளே போனாள். மூலையில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸ். அதற்குள் தன்னுடைய பூக்கள், தலைகீழாக, தண்ணீர் நிறைய. கைப்பைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு கிளாஸைத் தூக்கினாள். கிளடிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மெலிந்த கை, ஆனால் பிடி இரும்புப்பிடி.

"என்ன செய்யிறீர் நீர்? உது உவருக்கு வைச்சது."

"இது பழுது அக்கா. பூச்சி மருந்து அடிச்சனான், மறந்துபோனன்."

காரிலேயே யோசித்து வைத்த பொய் அது. பூவுக்கும் மானம் போகாது, பூ வளர்த்தவளுக்கும் மானம் போகாது. கிளடிஸ் அதை ஒரு சதத்துக்கும் எடுக்கவில்லை.

"அதுக்கே இந்த ஓட்டம்? நான் வடிவாக் கழுவிப்போட்டுத்தான் போட்டனான். வையும் கிளாஸை."

அன்ரனெற் வைக்கவில்லை. இனிச் சுற்றி வளைக்க இடமில்லை.

"கழுவினாப் போகாது அக்கா. அந்தப் பூவே நஞ்சு. இலை, தண்டு, எல்லாம் நஞ்சு. குடிச்சா அண்ணையின்ர நெஞ்சு நிண்டுபோம்."

"உமக்கென்ன விசரே? மாதாவில வைச்ச பூ. பாதர் மந்திரிச்ச பூ. அதுக்குப் பிறகும் அதில நஞ்சு கிடக்குமோ?"

"கிடக்கும்" என்றாள் அன்ரனெற். "மந்திரிச்சாலும் போகாது."

கிளடிஸின் பிடி தளர்ந்தது. அவள் கத்துவாள், அடிப்பாள் என்று அன்ரனெற் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் எவ்வளவு நல்லது! கிளடிஸ் கதிரையில் மெல்ல இருந்தாள். செபமாலையை மடியில் குவித்தாள்.

"அப்ப," என்றாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒரு பூவில கிடக்கிற நஞ்சே போகாதெண்டா, உவற்ற உடம்பில கிடக்கிறது போகுமெண்டு நான் என்னத்தை நம்பிக்கொண்டிருக்கிறன்?"

ஒரு உயிரைக் காப்பாற்ற ஓடிவந்தவள் இன்னொரு உயிரை அந்தக் கதிரையில் வைத்தே அடித்துப் போட்டதுபோல நின்றாள். நெஞ்சு அப்படி நொந்தது.

"வைக்கேக்கை உமக்குத் தெரியுமோ?" கிளடிஸ் கேட்டாள்.

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ வைச்சனீர்?"

"ஓம் அக்கா."

"ஏன்?"

அன்ரனெற் எவ்வளவோ தேடிப் பார்த்தாள். ஒன்றுதான் கிடைத்தது. "வடிவாயிருந்தது" என்றாள்.

கிளடிஸ் தலையை ஆட்டினாள். சோடிக்கிறவளுக்குச் சோடிக்கிறவளின் ஆசை விளங்கியிருக்கும். விளங்கினது என்பதற்காக மன்னித்தாள் என்று இல்லை.

"மற்றச் சனம்?" என்றாள். "கோயிலுக்கு வாற பிரான்சிஸின்ர பெட்டையும் ஒரு கொப்பு கொண்டுபோனவள். அவள் வயித்தில பிள்ளை. அவளின்ர மாமியும் எங்கட பக்கம்தான், பூத் தண்ணி குடுக்கிற ஆள். சொல்லிப்போட்டீரோ?"

அன்ரனெற்றின் கண் கைப்பைக்குப் போனது.

"சொல்லேல்லையோ? இவ்வளவு நேரமும்? எடும் போனை! இப்ப, என்ர கண்ணுக்கு முன்னால சொல்லும்."

அவள் சொன்னாள். சமையலறைக்குப் போய், கிளாஸைப் பூவோடு பைக்குள் வைத்துக் கட்டி, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் குரல் பதிவாகச் சொன்னாள்.

"நான் அன்ரனெற் கதைக்கிறன். இண்டைக்கு மாதாவின்ர கூட்டில இருந்து எடுத்த நீலப் பூ நஞ்சு. ஒருத்தரும் தண்ணியில போடாதேங்கோ. பிள்ளையளின்ர கையில குடுக்காதேங்கோ. கையில படாமல் எடுத்துக் கட்டி எறியுங்கோ. ஆரும் குடிச்சிருந்தா உடன ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. அது நஞ்செண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் வைச்சனான்."

விரலை எடுத்ததும் அது போய்விட்டது. திருப்பிப் பிடிக்க ஏலாது. குறூப்பில் பதில்கள் மழை பிடித்த மாதிரி விழத் தொடங்கின. எடுத்து எறிஞ்சிட்டம். என்ன அநியாயம் இது. மகன் படிக்கிற மேசையில வைச்சிருந்தவன். பிரான்சிஸின் மகள் ஒருவேளை வாயில் வைத்திருப்பாளோ என்று அன்ரனெற் அவளின் பெயரைத் தேடித் தேடி இறக்கினாள். கடைசியில் வந்தது. "அன்ரி, மாமி ஊறப்போட்டவ, நான் இன்னும் குடிக்கேல்லை." அன்ரனெற் சமையலறைச் சுவரில் சாய்ந்து விம்மினாள். அதற்குக் கீழே ஜெசிகா ஒரேயொரு வரி போட்டிருந்தாள். "அப்ப நேற்று என்ர கைக்கு நடந்தது?" அதற்கு மேல் வாசிக்க அவளால் முடியவில்லை. போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

படுக்கையறையிலிருந்து குரல் கேட்டது. அகஸ்ரின் பலமாகக் கூப்பிட முடியாமல் கூப்பிட்டார்.

"கிளடிஸ், செபம் முடிஞ்சுதோ? அந்தத் தண்ணியைத் தாவன்."

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிளடிஸ் எழுந்து வந்து அலுமாரியைத் திறந்து வேறொரு கிளாஸை எடுத்தாள். குழாயில் தண்ணீர் பிடித்தாள். "வாரும்" என்றாள்.

அகஸ்ரின் மஞ்சள் பூத்த கண்களோடு சாய்ந்து கிடந்தார். நல்ல உயரமான மனிதர், ஒருகாலம் மாதாவின் கூட்டின் ஒரு முனையைத் தனியாளாகத் தாங்கினவர். இப்போது கட்டிலில் பாதிகூட நிறைக்கவில்லை. தம்பிக்காரன் கதிரையில் இருந்தபடி தூங்கிப்போயிருந்தான்.

"அன்ரனெற்றோ? உம்மட தோட்டத்துப் பூவாமே. கிளடிஸ் சொன்னவ. நல்ல வடிவாம்."

"ஓம் அண்ணை."

அவர் கிளாஸைப் பார்த்தார். "பூவைக் காணேல்லை?"

கிளடிஸ் அன்ரனெற்றைப் பார்த்தாள்.

"வடிச்சுப்போட்டம் அண்ணை" என்றாள் அன்ரனெற். "தொண்டையில சிக்கிப்போடும் எண்டு."

"மாதாவின்ர தண்ணிதானே?"

"ஓம் அண்ணை. மாதாவின்ர தண்ணிதான்."

அவர் சிலுவை அடையாளம் போட்டார், கை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. கிளடிஸ் தலையைத் தாங்கிப் பிடிக்க மெல்ல மெல்லக் குடித்தார். இரண்டு கிழமையாக ஒரு கரண்டி தண்ணீருக்கே மாரடித்த மனுசன், கிளாஸின் அடி தெரியக் குடித்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்த மாதிரி இருந்தது. கிளடிஸ் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பார்க்கப் பொறுக்காமலும் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கோ?" என்றார் அகஸ்ரின்.

கிளடிஸ் வெறும் கிளாஸை அன்ரனெற்றிடம் நீட்டினாள்.

"நீர் போய் எடுத்துக்கொண்டு வாரும்."

அன்ரனெற் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் குழாயைத் திறந்து கிளாஸைப் பிடித்தாள்.